ஐந்நூறு சதுர அடி மண்ணில் கொரியன் புல்லும் கொய்யாவும்

வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் இடத்தை சிமென்ட் போடாமல் விட்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கேட்கிற கேள்வி, "புல் போடலாமா, பழமரம் வைக்கலாமா?" என்பதுதான். இரண்டையும் ஒரே வாசலில், ஒரே வருஷத்தில் வைத்து வளர்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் தெளிவான பதில் இருக்கிறது. மரத்துக்கான இடத்தை முதலில் குறித்துவிட வேண்டும். புல் அப்புறம். அதுவும் வீட்டு ஆட்கள் நிஜமாகவே நடக்கிற, உட்காருகிற இடத்துக்கு மட்டும்.

எங்கள் வீடு தாம்பரத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் கரை கடந்தபோது வாசலில் நின்ற பெருங்கொன்றையும் ஒரு முருங்கையும் விழுந்தன. அறுத்து எடுத்துப் போட்ட பிறகு பார்த்தால் ஐந்நூறு சதுர அடி வெட்டவெளி. தெருவில் பல வீடுகளில் அந்த மாதிரி காலியான இடத்தில் பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள். எனக்கு அதில் மனசு வரவில்லை. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்க மிச்சமிருந்த ஒரே இடம் அது.

அம்மாவுக்குப் புல்தரை வேண்டும். "காலையில செருப்பில்லாம நடக்க ஒரு இடம் வேணும்டா. குழந்தைங்க விழுந்தாலும் முட்டி பேராது" என்றார். எனக்குக் கொய்யா வேண்டும். நல்ல கொய்யாப்பழம் மரத்திலிருந்து பறித்த அன்றைக்கே தின்றால்தான் கொய்யாப்பழம். கடைக்கு வருவது காயாகப் பறித்து, கூடையில் பழுத்தது. ஆக, 2017-ல் இரண்டையும் வைத்தோம்.

முதல் வேலை மண். இதைப் பலரும் கவனிப்பதில்லை. புறநகரில் மனையை மேடாக்கும்போது உள்ளே போவது பெரும்பாலும் கட்டட இடிபாடு. கடப்பாரையைப் போட்டால் ஒரு சாண் ஆழத்திலேயே உடைந்த செங்கல், சிமென்ட் கட்டி, ஓட்டுச் சில்லு என்று வரும். சிமென்ட் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலை மஞ்சளாகும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலே மேலே யூரியா போடுகிறவர்கள் உண்டு. அதனால் பயன் இல்லை. மண்ணை மாற்றத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் மரம் சுலபம், புல் கஷ்டம். கொய்யாவுக்கு ஒன்றரை அடிக் குழி போதும் என்பார்கள். இடிபாட்டு மண்ணாக இருந்ததால் இரண்டரை அடி தோண்டி, கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டு, செம்மண்ணும் மக்கிய சாண எருவும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பினோம். ஒரு குழியோடு வேலை முடிந்தது. புல்லுக்கு அப்படி இல்லை. மேல்மண் அரையடியாவது பரப்பு முழுக்கச் சுத்தமாக வேண்டும். சலித்து, மட்டம் பார்த்து, செம்மண் அடித்து, எரு தூவி... கூலியில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது.

அந்தச் செம்மண்ணோடு கோரை என்கிற களையும் வரும். லாரியில் வருகிற எந்த மண்ணிலும் கோரைக்கிழங்கு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோரைச் செடியைப் பிடித்து இழுத்தால் தழை மட்டும் கையோடு வரும். கிழங்கு கீழேயே இருக்கும். களைக்கொத்தால் பக்கவாட்டில் தோண்டிப் பார்த்தால், கருப்பாக, சுண்டைக்காய் அளவில் ஒரு கிழங்கு. அதிலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு தண்டு போய் இன்னொரு கிழங்கில் முடியும். அங்கிருந்து அடுத்தது. ஒன்றை விட்டாலும் மறுபடி முளைக்கும். புல் பதிக்கும் முன்பே மண்ணை நனைத்துக் கோரையை முளைக்க விட்டு, தோண்டி எடுத்து, மறுபடி நனைத்து, முளைத்ததை மறுபடி எடுப்பதுதான் வழி. எங்களுக்கு வேலை செய்த தோட்டக்கார அண்ணன் இதில் கறாராக இருந்தார். "அவசரப்பட்டுப் புல்லைப் பதிச்சிட்டீங்கன்னா, அப்புறம் புல்லுக்குள்ள உக்காந்து கோரை பொறுக்கறதுதான் உங்க வேலை" என்றார். அப்படிச் செய்தும் கோரை முழுக்க ஒழியவில்லை. ஆனால் சமாளிக்கிற அளவில் நின்றது.

எந்தப் புல் என்பதிலும் யோசிக்க வேண்டும். நர்சரியில் 'கொரியன் கார்பெட்' என்று கொடுப்பது மெல்லிய இலையுள்ள, மெதுவாக வளர்கிற வகை. பார்க்க அழகு, காலுக்கு மெத்தென்று இருக்கும். மெதுவாக வளர்வதால் அடிக்கடி வெட்ட வேண்டாம். ஆனால் துண்டு துண்டாக நட்டால் இடைவெளி மூடிப் பச்சைத் தரையாக மாற மாதங்கள் ஆகும். அதுவரை அந்த இடைவெளியில் களை முளைத்துக்கொண்டே இருக்கும். பெர்முடா என்று விற்பது நம் அருகம்புல்லின் இனம். வேகமாகப் படரும், மிதி தாங்கும், காய்ந்தாலும் ஒரு மழையில் எழுந்துவிடும். குழந்தைகள் பந்து விளையாடுகிற இடம் என்றால் அதுதான் சரி. எருமைப்புல் என்று அகல இலையோடு ஒன்று வரும். இவற்றில் நிழலை அதிகம் தாங்குவது அதுதான். அம்மாவுக்காக நாங்கள் கொரியன் புல்லையே எடுத்தோம்.

கொய்யாவில் லக்னோ 49 என்ற ரகம். வெள்ளைச் சதை, நல்ல இனிப்பு. உள்ளே சிவப்பாக வேண்டும் என்பவர்களுக்கு பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா கிரண் இருக்கிறது. எந்த ரகமானாலும் பதியன் கன்றாக, அதாவது தாய்மரத்தின் கிளையிலேயே வேர் விடவைத்துப் பிரித்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள். விதைக்கன்று தாய்மரம் மாதிரியே காய்க்கும் என்று சொல்ல முடியாது, காய்ப்புக்கும் நாளாகும். பதியன் கன்றில் ஒரு குறை உண்டு. அதற்கு ஆணிவேர் இல்லை. அதனால் நட்ட அன்றே சவுக்குக் கழி ஊன்றி, துணிக்கயிற்றால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். புயல் வருகிற ஊரில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. சுவரிலிருந்து பத்தடி தள்ளி நட்டோம். ஒட்டு மாவோ பலாவோ வைக்கிற அளவுக்கு எங்கள் வாசல் பெரிதில்லை. கொய்யாவைக் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்திவிடலாம் என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்த முக்கியக் காரணம்.

முதல் வருஷம் புல் ஜெயித்த மாதிரிதான் தெரிந்தது. வருகிறவர்கள் எல்லாரும் புல்லைத்தான் பாராட்டினார்கள். கொய்யா ஒரு குச்சியாக ஓரத்தில் நின்றது.

அப்புறம் 2019 வந்தது. அந்த ஜூன் மாதம் சென்னையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. எங்கள் போர்வெல்லில் மோட்டார் போட்டால் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீருக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த நாட்கள். அந்த நேரத்தில்தான் புல்லுக்கும் மரத்துக்கும் உள்ள கணக்கு பளிச்சென்று புரிந்தது.

கணக்கு எளிமையானது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். நம் வெயிலில் கோடைக்காலத்தில் புல்தரை நாளொன்றுக்குச் சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை இழக்கும். ஐந்நூறு சதுர அடி என்பது ஏறத்தாழ 46 சதுர மீட்டர். ஆக, பச்சையாகவே வைத்திருக்க வேண்டும் என்றால் தினம் இருநூறு லிட்டர் பக்கம் வேண்டும். குடத்தில் சொன்னால் பதின்மூன்று, பதினான்கு குடம். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் இதை யார் ஊற்றுவது? அதே நேரம் இரண்டு வயதுக் கொய்யாவுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு வாளி போதுமாக இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான் போனது. அடியில் தேங்காய் மட்டையும் சருகும் நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டிருந்தோம். மட்டையை விலக்கிக் கையை விட்டுப் பார்த்தால், நண்பகலிலும் மண் ஜில்லென்று ஈரமாக இருந்தது. ஓரடி தள்ளிப் புல்தரையில் மண் பாளமாக வெடித்துக் கிடந்தது.

புல் வைக்கோல் நிறத்துக்குப் போனது. முழுக்கச் செத்துவிட்டது என்றே நினைத்தார் அம்மா. ஆனால் இந்த வகைப் புல்லுக்கு மண்ணுக்குள் தண்டு இருக்கிறது. மேலே காய்ந்தாலும் கீழே கொஞ்ச நாள் உயிர் பிடித்துக்கொண்டிருக்கும். மழை வந்த பிறகு பாதிக்கு மேல் துளிர்த்தது. துளிர்க்காத திட்டுகளை அருகும் கோரையும் பிடித்துக்கொண்டன. வறட்சியில் புல் காய்ந்தால் உடனே பெயர்த்து எறிய வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். காய்ந்த புல்மேல் நடக்காமல், வண்டி நிறுத்தாமல், ஒரு மழைவரை விட்டுப் பாருங்கள்.

கொய்யா அந்தக் கோடையிலும் புதுத் துளிர் விட்டது. சந்தேகம் வேண்டாம், எங்கள் ஊர்த் தண்ணீர் நிலைமைக்கு மரம்தான் தாங்கும் என்று முடிவுக்கு வந்தது அந்த வருஷம்தான்.

புல்லும் மரமும் ஒரே வாசலில் இருந்தால் கவனிக்க வேண்டியது அடிமரத்தைச் சுற்றியுள்ள வட்டம். மரம் ஆழத்தில் இருந்துதான் சாப்பிடுகிறது, புல் மேலே சாப்பிடுகிறது, இரண்டுக்கும் போட்டி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. மரத்தின் உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் ஓரடி, ஒன்றரை அடி மண்ணில்தான் இருக்கிறது. புல்லின் வேரும் அங்கேதான். அடர்த்தியாக இருக்கிற புல் தண்ணீரையும் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) முதலில் எடுத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் வோபர்ன் என்ற இடத்தில் 1894-ல் தொடங்கிய பழப்பண்ணையில் ஸ்பென்சர் பிக்கரிங் என்பவர் இதை ஆப்பிள் மரங்களில் வருஷக்கணக்கில் சோதித்துப் பார்த்தார். இளம் மரத்தின் அடியில் புல் விதைத்தால் மரம் குன்றிப்போனது. புல்லின் வேர் ஏதோ நஞ்சை விடுகிறது என்று அவர் கருதினார். தண்ணீருக்கும் தழைச்சத்துக்குமான போட்டியைத்தான் பின்னாளில் பெரிதாகச் சொன்னார்கள். காரணம் எதுவானாலும் அவர் கண்ட விளைவு உண்மை. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் சப்போட்டாக் கன்றின் தண்டு வரைக்கும் புல் மூடியிருந்தது. வருஷங்கள் போயும் இடுப்பு உயரம் தாண்டவில்லை. மூன்றடி வட்டத்துக்குப் புல்லைச் செதுக்கி எடுத்து, எரு போட்டு, மூடாக்குப் போட்ட பிறகுதான் கிளை விட ஆரம்பித்தது.

ஆகவே கன்று நடும்போதே தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டு, மூன்று அடிக்குப் புல் வராத வட்டப்பாத்தி வையுங்கள். மரம் பெரிதாகப் பெரிதாக வட்டத்தையும் பெரிதாக்குங்கள். மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குவிக்கக் கூடாது, நாலு விரல் இடைவெளி வேண்டும். ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும், கரையான் ஏறும்.

இந்த வட்டம் இன்னொரு ஆபத்தையும் தடுக்கிறது. இப்போது புல் வெட்ட வருகிறவர்கள் நைலான் நரம்பு சுழலும் மெஷினைக் கொண்டு வருகிறார்கள். தண்டை ஒட்டி இருக்கிற புல்லை வெட்டும்போது அந்த நரம்பு பட்டையில் அடிக்கும். ஒரு தடவை பட்டால் கீறல். ஒவ்வொரு முறையும் பட்டால் தண்டைச் சுற்றிப் பட்டை போய், மரம் நின்ற நிலையிலேயே காயும். இலை உதிர்ந்த பிறகு நோய் என்று மருந்து அடிப்பார்கள். அடித்தண்டைக் குனிந்து பார்த்தால் காரணம் அங்கே இருக்கும். தண்டுப் பக்கத்தில் புல்லே இல்லை என்றால் மெஷினுக்கு அங்கே வேலையே இல்லை.

தண்ணீர் பாய்ச்சும் விதமும் வேறு. புல்லுக்கு ஹோஸில் தெளித்துப் பழகினவர்கள் மரத்துக்கும் அதையே செய்கிறார்கள். மேல் இரண்டு அங்குலம் நனைந்தால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மேலேயே வேர் விட்ட மரம் கோடையிலும் தாங்காது, காற்றுக்கும் தாங்காது. மரத்துக்கு இடைவெளி விட்டு, நிறுத்தி நிதானமாக, ஆழம் வரை இறங்கும்படி விட வேண்டும். புல்லுக்குமே தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை நன்றாக விடுவது நல்லது.

மரம் வளர்ந்த பிறகு நிழல் வந்தது. கொரியன் புல்லுக்கு முழு வெயில் வேண்டும். கொய்யாவின் கிளை விரிந்த அளவுக்குக் கீழே புல் மெலிந்து, நீண்டு, கடைசியில் மண் தெரிந்தது. அங்கே மறுபடி மறுபடி புல் ஒட்டுவது வீண்செலவு. நாங்கள் மஞ்சள் கிழங்கு ஊன்றினோம். அரை நிழலில் நன்றாக வருகிறது. பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வீட்டிலேயே கிடைத்தது. புல்லின் பரப்பு இப்போது பாதிக்கும் குறைவு. தண்ணீர்ச் செலவும் அந்த அளவுக்குக் குறைந்தது.

மரத்தில் தொந்தரவு இல்லை என்று சொல்ல மாட்டேன். கொய்யாவுக்குப் பழ ஈதான் பெரிய எதிரி. பழத்தின் மேல் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. அதைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும். பிளந்தால் வெள்ளைப் புழு துள்ளும். மழைக்காலக் காய்ப்பில் இது அதிகம். எலுமிச்சை அளவு காய் வந்ததும் உறை கட்டிவிடுவது வீட்டுத் தோட்டத்துக்கு நல்ல வழி. மெல்லிய வலைத்துணிப் பையோ காகித உறையோ போதும். கீழே விழுந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்க வேண்டும். பொறுக்கினதை உரக்குழியில் போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகி, மறுபடி ஈயாக வரும். பிளாஸ்டிக் பையில் கட்டி ரெண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். இலைக்கு அடியில் வெள்ளை மாவால் சுருள் கோலம் போட்ட மாதிரி இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவி, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளித்தால் அடங்கும்.

அணில் கடித்த பழம்தான் ருசி என்று சின்ன வயதில் தேடித் தின்றோம். இப்போது வீட்டில் அதை அனுமதிப்பதில்லை. 2018-ல் கோழிக்கோட்டில், வௌவாலிடமிருந்து பரவக்கூடிய நிபா வைரஸ் காய்ச்சல் வந்த பிறகு வௌவால் கடித்ததையும் அணில் கடித்ததையும் யார் பிரித்துப் பார்ப்பது? கடிபட்ட பழம் பறவைகளுக்கே. உறை கட்டின பழமே வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போதுமான அளவு வருகிறது.

கவாத்துக்கு ஒரே விதி. கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். அறுவடை முடிந்ததும் கிளை நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் துளிரும் பூவும் சேர்ந்து வரும். பூத்ததிலிருந்து பழம் பறிக்க நாலு, ஐந்து மாதம். முதல் வருஷம் வந்த பூவையும் பிஞ்சையும் கிள்ளி எறிந்தோம். மனசு கேட்காதுதான், ஆனால் மரம் முதலில் மரமாக வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வாசலில் தண்ணீர் கட்டி நின்றது. பின்பக்கம் இருந்த பப்பாளி அதோடு போய்விட்டது, பப்பாளிக்கு ரெண்டு நாள் தண்ணீர் நின்றாலே போதும். கொய்யா இலை மஞ்சளாகிக் கொஞ்சம் உதிர்ந்து, தேறிவிட்டது. புல்லின்மேல் சேறு படிந்திருந்தது, கழுவிவிட்டதும் சரியானது. வெள்ளம் நிற்கும் பகுதியில் இருப்பவர்கள் மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் புல்லை வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் இவற்றின் மேல் மரம் வைக்கவே கூடாது. அந்த இடத்தில் அரையடி மண் போட்டுப் புல் வளர்ப்பதுதான் பொருத்தம். சிமென்ட் தரை மத்தியானம் காலைச் சுடுகிற நேரத்தில் புல்தரையில் நிற்க முடிகிறது. காலையில் மைனாவும், சில நாள் கொண்டலாத்தியும் வந்து புல்லுக்குள் அலகை விட்டுப் புழு எடுக்கின்றன. பூச்சிமருந்து அடிக்காத தரையில்தான் அவற்றுக்குப் புழு நிறையக் கிடைக்கும். அம்மா இப்போதும் அந்தத் துண்டுத் தரையில்தான் நடக்கிறார். மூட்டுவலி இருக்கிறவருக்கு அது பெரிய விஷயம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இது. ஒரு நாள் முழுக்க வாசலில் வெயில் எங்கே விழுகிறது என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பாருங்கள். ஆறு மணி நேரம் வெயில் விழுகிற, சுவருக்கும் தொட்டிக்கும் தள்ளின இடத்தில் மரம். அதன் நிழல் நாளைக்கு எங்கே விழும் என்று பார்த்து, அதற்கு வெளியே புல். சென்னைப் பக்கத்தில் புல் பதிக்க ஆடி, ஆவணி நல்லது. ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். அடைமழையில் பதித்தால் துண்டுகள் மிதந்து போகும், சித்திரையில் பதித்தால் தண்ணீர் கட்டுப்படியாகாது. கொய்யாக் கன்றை ஜூனிலிருந்து டிசம்பர் வரை எப்போதும் நடலாம். இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, தண்ணீரும் சந்தேகம் என்றால், இந்த வருஷம் கன்றை மட்டும் நட்டு, சுற்றிலும் சருகு போட்டு வையுங்கள். புல்லை அடுத்த ஆடியில் பார்த்துக்கொள்ளலாம்.